ஓர் ஆயுளில் கண்ட ஊர்திகள்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் தேடி அச்சேற்றிய நூல்களைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். அவர் எவற்றில் ஏறிச் சென்று தேடினார் என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

ஐயர் பிறந்தது 1855, பிப்ரவரி 19. தென்னாட்டின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது 1856, ஜூலை 1. அவர் பிறந்த நாளில் தஞ்சை நாட்டுக் குடியானவருக்குக் கால்களும் மாட்டு வண்டியுமே துணை. பல்லக்கும் குதிரையும் செல்வர்க்கு உரியவை. 1861-இல் நாகப்பட்டினத்திற்கும் தஞ்சைக்கும் இடையே இருப்புப்பாதை அமைந்தது. பின்னர் அது சென்னை வரை தொடர்ந்தது.

இதனால் விளைந்த பயனைப் பாருங்கள். 1880 முதல் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர், அச்சுக்கூடமோ சென்னையில். இடைத்தூரம் ஏறக்குறைய 200 மைல். மாட்டு வண்டியில் போகவே பத்து நாட்களுக்கு மேலாகும். புகைவண்டி இருந்தமையால் விடுமுறையில் சென்னை சென்று, அச்சுத்தாள்களைத் திருத்திவிட்டு, கல்லூரி திறக்குமுன் மீள முடிந்தது. சீவக சிந்தாமணி 1887-இல் வெளிவந்ததில் நீராவிக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன்.

ஆனால் ஏடுகள் நிலையத்து வாசலில் காத்திருக்கவில்லை. அவை சிற்றூர்களின் பரண்களில் கிடந்தன. நிலையத்தில் இறங்கியபின் பழைய மாட்டு வண்டிதான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் உண்டெனக் கேட்டு அங்குச் சென்றார். அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். செல்லும் தீயும் கரையானும் அவருக்கு முன்பே புறப்பட்டிருந்தன. எந்த வண்டி அவற்றை முந்தும்?

1903-இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அந்நகரில் 1895 முதலே மின்சார டிராம் ஓடியது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் மின்சார ரயில் வந்தது. 1932-இல் கராச்சித் தபால் ஆகாய விமானத்தில் சென்னை சேர்ந்தது.

1942, ஏப்ரல் 6-இல் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. சென்னை மக்கள் அஞ்சி வெளியேறினர். புகைவண்டிக்கு முன் பிறந்த அம்முதியவரும், தம் 87-ஆம் வயதில், விமானத்திற்கு அஞ்சிய நகரைவிட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றார். அவ்வூரில் புகைவண்டி நிலையம் இல்லை. செங்கற்பட்டிலிருந்து சாலை வழியாகத்தான் போக வேண்டும். ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் அங்கேயே காலமானார்.