மேற்வான்: வீடும் துவக்கும்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்திலே, டக் போர்க் ஆற்றுக்கும் புகையிரதப் பாதைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர் மேற்வான். இன்று அங்கு செல்வோர் காண்பது அமைதியான ஒரு கடைவீதியையும், 1977ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் பின்னர் எழுப்பப்பட்ட உயர்ந்த வெள்ளத்தடுப்புச் சுவரையுமே. ஆயினும், பழைய அஞ்சலகக் கட்டிடத்தின் செங்கற்சுவரில் துவக்குக் குண்டுகள் பாய்ந்த வடுக்கள் இன்றும் உள.

அவ்வடுக்களுக்குரிய நாள் 1920 மே 19. அந்நாளின் நிகழ்ச்சி 'மேற்வான் படுகொலை' என வழங்கப்படுகின்றது. அப்பெயர் மாலையில் நிகழ்ந்ததை மட்டுமே சுட்டுகின்றது. அதற்கு முன்னர் நிகழ்ந்ததை மறைத்துவிடுகின்றது.

சுரங்கத் தொழிலாளி குடியிருந்த வீடு கம்பனியினுடையது. பண்டம் வாங்கிய கடையும் பெரும்பாலும் கம்பனியினுடையதே. சங்கத்திற் சேர்ந்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். அவ்வாண்டின் இளவேனிலில் தொழிலாளர் திரளாகச் சங்கத்திற் சேர்ந்தபோது, ஸ்ரோன் மவுண்டன் நிலக்கரிக் கம்பனி போல்ட்வின்–பெல்ற்ஸ் எனும் தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களை வரவழைத்தது. நண்பகலையண்டிப் புகையிரதத்தில் வந்திறங்கிய அவர்கள், குடும்பங்களின் தட்டுமுட்டுப் பொருட்களை வீதியிலே எடுத்துப் போட்டனர். பின்னர் உணவருந்தி, மாலைப் புகையிரதத்துக்குப் புறப்பட்ட வேளையில், நகரப் பொலிஸ் தலைவர் சிட் ஹற்பீல்டும் நகர முதல்வர் கெபல் டெஸ்ரமனும் அவர்களை மறித்தனர். முதற் குண்டைச் சுட்டவர் யாரென்பது இன்றளவும் தீராத வழக்கு. மாண்டோர் பதின்மர்: துப்பறிவோர் எழுவர், தொழிலாளர் இருவர், நகர முதல்வர்.

பொலிஸ் தலைவரொருவர் தொழிலாளர் பக்கம் நின்றமை அக்காலத்து நிலக்கரி மாவட்டங்களில் அரிதினும் அரிது. 1921இல் யூரர் சபை ஹற்பீல்டை விடுதலை செய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி, வேறொரு வழக்கிற்காக மனைவியுடன் வெல்ச் நகர நீதிமன்றப் படிகளில் ஏறுகையில், அந்நிறுவனத்தார் அவரைச் சுட்டுக் கொன்றனர். கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. அம்மாத இறுதியில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர் ஆயுதமேந்தி நடந்து, பிளயர் மலையிற் போரிட்டனர். மத்திய அரசின் இராணுவம் வந்ததும் கலைந்தனர். சங்கம் நொடிந்தது, 1933இன் பின்னரே அங்கு மீண்டும் தலையெடுத்தது.

வீடிழந்த குடும்பங்களோ ஆற்றோரக் கூடாரங்களில் ஒரு குளிர்காலத்தைக் கழித்திருந்தன. நெடுங்காலம் இவற்றையெல்லாம் ஊரார் வெளிப்படப் பேசியதில்லை. சுரங்கப் போர்களுக்கான நூதனசாலை அவ்வூரில் திறக்கப்பட்டது 2015ஆம் ஆண்டிலேதான். வெள்ளத்தைத் தடுக்க எழுந்த சுவரிலும் இப்போது ஊரின் வரலாற்றுக் காட்சிகள் பொறிக்கப்பட்டுள்ளன.