பகிர்வுக் கருவிகளும் ஆய்வு நல்கையும்: வட ஆர்க்காட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உயிர்மருத்துவ ஆய்வுக்குரிய விலைமிகு கருவிகளைப் பலரும் பகிர்ந்து பயன்படுத்துவதற்காக வழங்கப்பெற்ற நல்கைகளின் வரலாற்றைப் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியை வாங்கும் தொகை பகிர்வின் தொடக்கம் மட்டுமே என்பதும், கருவியை இயக்குவோரும் பராமரிப்பும் மாதிரிகள் கருவியை அடையும் வழியுமே பகிர்வின் எல்லையை வரையறுக்கின்றன என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ஆய்வு நல்கை, பகிர்வுக் கருவி, எலெக்ட்ரான் நுண்ணோக்கி, வட ஆர்க்காடு, போளூர்.

முன்னுரை

இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள போளூர், 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. விழுப்புரம் - காட்பாடி இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூருக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 50 கி.மீ. சவ்வாது மலையடிவாரத்து ஊர்களில் நோயும் உண்டு. நோய் குறித்த ஆய்வு வினாக்களும் உண்டு. அவ்வினாக்களுக்கு விடை தேடும் கருவிகளோ பெருநகர்களிலும் பெரிய நிறுவனங்களிலுமே நிலைகொண்டுள்ளன. இவ்விடைவெளியை நல்கைகள் எவ்வாறு கையாண்டன என்பதே இங்கு எழும் வினா.

வேலூர்: ஒரு வினாவுக்கான நல்கை

1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ கொள்ளைநோயாகப் பரவியது. நாட்பட்ட வயிற்றுப்போக்கும், உணவுச்சத்து உடலில் சேராமையும் இந்நோயின் இயல்புகளாகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் எஸ். ஜே. பேக்கர், வி. ஐ. மாதன் முதலியோர் இதனை ஊர்தோறும் ஆராய்ந்தனர். அங்கு இயங்கிய ஆய்வுப் பிரிவுக்கு இலண்டன் வெல்கம் அறக்கட்டளை நிதி நல்கியது.

1957இல் அறிமுகமான கிராஸ்பி மாத்திரைக்கூடு, அறுவையின்றிச் சிறுகுடற்சவ்வின் சிறு துணுக்கை எடுக்க வழிசெய்தது. அத்துணுக்கின் நுண்ணமைப்பைக் காண எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்டது. 1975இல் இக்குழுவினர், மனித மலத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்ட வைரசு போன்ற துகள்களைப் பற்றி லான்செட் இதழில் எழுதினர். நோய்ப்பட்ட ஊர்களுக்கு அருகிலேயே ஆய்வு நிகழ்ந்தது இதன் சிறப்பு. எனினும் இந்நிதி ஒரு குழுவையும் ஒரு வினாவையும் பின்தொடர்ந்து வந்ததேயன்றிப் பொதுப் பயன்பாட்டை முதன்மை நோக்காகக் கொண்டதன்று.

வட்டார மையங்கள்

1971இல் தோன்றிய இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை, 1970களின் நடுப்பகுதியில் வட்டார உயர்நுட்பக் கருவி மையங்களை நிறுவத் தொடங்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், இலக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் முதலியன இவற்றுக்கு இடமளித்தன. கருவி அமைந்த நிறுவனத்தைச் சாராத ஆய்வாளரும் குறைந்த கட்டணத்தில் மாதிரிகளை அனுப்பி முடிவுகளைப் பெறலாம் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை. தனக்கெனக் கருவியில்லாத கல்லூரி ஆசிரியரும் இதனால் ஆய்வில் ஈடுபட இயன்றது.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1982இல் தொடங்கிய பகிர்வுக் கருவி நல்கைத் திட்டம் மற்றொரு வழியைக் கையாண்டது. நல்கை பெறும் ஆய்வாளர் மூவரேனும் முதன்மைப் பயனராக இருத்தல் வேண்டும். கருவியின் பராமரிப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்றல் வேண்டும். பகிர்வு இங்கு நல்கைக்குரிய முன்நிபந்தனையாயிற்று.

துறைக்கு நல்கை, மீண்டும் பகிர்வு

2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஃபிஸ்ட்’ திட்டம் பல்கலைக்கழக, கல்லூரித் துறைகளுக்கு நேரடியாகக் கருவி நிதி வழங்கியது. கருவி மாணவரின் கைக்கெட்டியது இதன் பயன். ஆயினும் துறைதோறும் கருவி அமையும்போது பராமரிப்புச் சுமையும் துறைதோறும் பெருகுகிறது. 2020இல் தொடங்கப்பெற்ற ‘ஐ-ஸ்டெம்’ இணையவாயிலும், 2022இல் வெளிவந்த ‘ஸ்ரீமான்’ வழிகாட்டு நெறிகளும் பொதுநிதியில் வாங்கிய கருவிகளைப் பிறருக்கும் திறந்துவிட வலியுறுத்தின. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் கொள்கை மீண்டும் பகிர்வை நாடியது.

மாதிரியின் ஆயுள்

நல்கை விண்ணப்பங்களில் கருவியின் விலை பெரிதாகத் தோன்றும். ஆனால் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குத் திரவ ஹீலியமும் திரவ நைட்ரஜனும் தொடர்ந்து தேவை. எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு இடையறாத வெற்றிடமும் தேர்ந்த இயக்குநரும் வேண்டும். இச்செலவுகள் ஆண்டுதோறும் எழுவன. வாங்கும் நல்கையோ ஒருமுறை மட்டும் வருவது.

மாதிரியின் இயல்பும் கருதத்தக்கது. குளுட்டரால்டிகைடில் பதப்படுத்திய திசுத்துணுக்கு நெடுந்தொலைவு பயணிக்கும். போளூரில் எடுத்ததைச் சென்னையிலும் காணலாம். உயிருள்ள குருதி அணுக்களைப் பாய்வு அணுவளவியால் ஆராய்வதற்கோ மணிக்கணக்கே அவகாசம் உண்டு. எனவே ஒரே ‘பகிர்வு’ என்னும் சொல், ஒரு கருவிக்கு மாநிலம் முழுவதையும் மற்றொரு கருவிக்கு ஒரு மாவட்டத்தை மட்டுமே குறிக்கும்.

முடிவுரை

வேலூர் ஆய்வு நோயாளிக்கு அருகில் கருவி இருப்பதன் பயனையும், வட்டார மையங்கள் கருவி பலருக்கும் பொதுவாவதன் பயனையும் காட்டுகின்றன. இவ்விரண்டையும் இணைப்பதற்கு, பதப்படுத்தத்தக்க மாதிரிகளுக்கு மாநில அளவிலும், விரைந்து அழியும் மாதிரிகளுக்கு மாவட்ட அளவிலும் கருவிகள் அமைதல் வேண்டும். இயக்குநர் ஊதியம், பராமரிப்பு, மாதிரிப் போக்குவரத்து ஆகியன நல்கையிலேயே இடம்பெறுதல் வேண்டும். அவ்வாறு அமையாவிடில், பொதுவெனப் பதிவேட்டில் உள்ள கருவி போளூரைப் பொறுத்தவரை இல்லாத கருவியாகவே எஞ்சும்.