ஏற்காடு அடிவாரத்தில் ஓர் அயல்நாட்டு கேமரா

நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997-இல். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், அதே மண்ணின் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் சேலத்தில் ஐரோப்பிய ஒளிப்பதிவாளருக்கு வேலை கொடுத்திருந்தார்.

அவர்தான் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற திரைப்பட ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' இங்கிருந்துதான் போனது. ஜெர்மானியரான போடோ குட்ஷ்வாகர் அதன் ஒளிப்பதிவாளர்.

அவருடைய கைத்திறனுக்கு உண்மையான சோதனை 1940-இல் வந்த 'உத்தம புத்திரன்'. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவின் இரும்பு முகமூடிக் கதைதான் அதற்கு மூலம். பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழ்ப் படத்தில் அதுவே முதல்முறை. கணினி இல்லாத அந்தக் காலத்தில், ஒரே ஆளை இருவராகக் காட்ட லென்ஸின் பாதியை மறைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் பிடிப்பார்கள். கேமரா இம்மியும் அசையக் கூடாது, வெளிச்சமும் மாறக் கூடாது. அசைந்தால் நடுவில் கோடு விழும். நடிகரின் புகழில் பாதி இந்தப் பொறுமைக்கு உரியது என்றே சொல்ல வேண்டும்.

பின்னாளில் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இங்கே 'மந்திரி குமாரி'யை (1950) இயக்கினார். அப்போது கேமராவுக்குப் பின்னால் நின்றவர் ஜே.ஜி. விஜயம். 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக வந்தபோது, ஒளிப்பதிவு டபிள்யூ.ஆர். சுப்பாராவ். 1963-இல் சுந்தரம் மறைந்தார். ஸ்டூடியோவின் முகப்பு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் நிற்கிறது.