மாரிஸ் ஆட்டம்: கூலியும் சடங்கும்

1899 டிசம்பர் 26. ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஹெடிங்டன் குவாரி ஆட்டக்காரர்கள் காலில் சலங்கை கட்டி, கைக்குட்டை வீசி மாரிஸ் ஆடுகிறார்கள். கான்செர்டினா வாசித்தவர் வில்லியம் கிம்பர், கொத்தனார். வசந்தகாலத் திருவிழாவில் ஆட வேண்டியது. உறைபனியில் கட்டட வேலை நின்றுபோக, நாலு காசு தேறுமே என்று அகாலத்தில் இறங்கிவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த இசையாசிரியர் செசில் ஷார்ப், மறுநாள் கிம்பரிடமிருந்து ஐந்து மெட்டுகளைக் குறித்துக்கொண்டார். ஆங்கில நாட்டார் நடன 'மறுமலர்ச்சி'யை இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நாலு காசு. பின்னாளில் ஷார்ப் இதைக் கிறித்தவத்துக்கு முந்தைய சடங்கின் எச்சமாக வாசித்தார். சடங்கு என்றானதும் கூலி மறைகிறது. 'தேசத்தின் ஆன்மா' வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் இங்கிலாந்தில் மாரிஸ் பற்றிக் கிடைத்திருக்கும் ஆகப் பழைய பதிவு, 1448இல் லண்டன் பொற்கொல்லர் கழகம் ஆட்டக்காரர்களுக்கு 7 ஷில்லிங் கொடுத்த செலவுக் கணக்கு. அதுவும் கூலிதான்!

வட்டாரப் பாணிகளையும் இப்படித்தான் பார்க்கிறேன். வடமேற்கில், லங்காஷயர், செஷயர் பஞ்சாலை ஊர்களில், மர அடிச் செருப்பு தட்டிப் போகும் ஊர்வல ஆட்டம். நார்தம்பர்லாந்து, டர்ஹாம் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளையும் எஃகுத் தகட்டை ஆளுக்காள் பிடித்துப் பின்னும் ராப்பர். கிழக்கு ஆங்கிலியாவில் ஜனவரி மாதம் வேலையில்லாத பண்ணையாட்கள் வீடுவீடாய்க் காசு கேட்டு ஆடிய மோலி. பாணிகளின் வரைபடம் உழைப்பின், வேலையின்மையின் வரைபடமும்தான்.

இதில் 'அசல்' எது என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கு அதிகாரம்? 1905இல் மேரி நீல் கிம்பரை லண்டனுக்கு வரவழைத்து, தன் எஸ்பெரான்ஸ் மன்றத்துத் தையல்காரப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார். அந்தப் பெண்கள் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீலுக்கு ஆட்டத்தின் உற்சாகம் பெரிது, ஷார்ப்புக்குத் துல்லியம். 1911இல் ஷார்ப் ஆங்கில நாட்டார் நடனச் சங்கத்தை நிறுவினார். தேர்வு, சான்றிதழ் எல்லாம் வந்தன. நீல் ஓரங்கட்டப்பட்டார். 1934இல் உருவான மாரிஸ் ரிங் ஆண்களுக்கு மட்டும் என்றது. தையல்காரப் பெண்கள் ஆடிப் பரப்பிய ஆட்டம் அது!

வடமேற்கில் தொழிலாளர் வீட்டுச் சிறுமிகள் கையில் பாம்பாம் குலுக்கி, போட்டி வைத்து இன்றும் மாரிஸ் ஆடுகிறார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வரும் ஆட்டம். மரபு என்றால் இதைத்தானே சொல்ல வேண்டும்? மறுமலர்ச்சிக்காரர்கள் நெடுங்காலம் இதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.