பூட்டனின் பட்ஜ்

எங்களோடு படிக்கும் தோழி ஒருத்தி ஒருநாள் பழைய பித்தளை பட்ஜ் ஒன்றைக் கன்டீனுக்குக் கொண்டுவந்தாள். மேலே கிரீடம், நடுவில் பீரங்கி, கீழே லத்தீன் வரி. பூட்டன் முதலாம் உலகப் போரில் அணிந்தது என்று அம்மம்மா சொன்னவவாம். "உண்மையோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

எந்தப் படை என்பதில் சிக்கலில்லை. பீரங்கியும் லத்தீன் வரியும் பிரித்தானிய ரோயல் ஆர்ட்டிலறிக்குரியவை. அடுத்து, செய்தது யார்? பட்ஜைத் திருப்பினோம். தொப்பியில் செருகும் நீளத் தட்டில் 'ஜே. ஆர். கோண்ட், லண்டன்' என்று பொறித்திருந்தது. பெயர்பெற்ற நிறுவனம்தான். ஆனால் பெயரை மட்டும் நம்ப ஏலாது. போலி செய்பவர்கள் முதலில் பொறிப்பதே இந்தப் பெயரைத்தான். மறுபக்கம், பெயரே இல்லாத அசல் பட்ஜுகளும் ஏராளம்.

அதனால் உலோகத்தைப் பார்த்தோம். அசலை உருக்கு அச்சில் வைத்து, தகட்டை அழுத்தி எடுப்பார்கள். முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக இருக்கும், கோடுகள் கூராக இருக்கும். அசலிலிருந்து வார்ப்பு எடுத்து உருக்கி ஊற்றிய போலியில் கோடுகள் மழுங்கும், சின்னக் குழிகள் தெரியும், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் சற்றுக் குறையும். இதையும் விடக் கஷ்டமானது, பழைய அச்சிலேயே பிற்காலத்தில் அடித்த பிரதி. வடிவம் அச்சொட்டாக அதேதான். உலோகமும் பின்தட்டும் தேய்ந்த இடங்களும்தான் காட்டிக்கொடுக்கும்.

தோழியின் பட்ஜ் இதிலெல்லாம் தேறியது. கிரீடத்தில்தான் மாட்டுப்பட்டது.

1901 முதல் மன்னர்களின் காலத்து பட்ஜுகளில் இருப்பது டியூடர் கிரீடம். அதன் வளைவுகள் மேலே உருண்டு குவியும். 1952இல் எலிசபெத் அரசியான பிறகு வந்தது புனித எட்வர்ட் கிரீடம். அதன் உச்சி நடுவில் பதிந்திருக்கும். தோழியின் பட்ஜில் உச்சி பதிந்திருந்தது. 1918இல் முடிந்த போரில் அதை யாரும் அணிந்திருக்க முடியாது. (கிரீடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது: 2022இல் சார்ள்ஸ் மன்னர் டியூடர் வடிவத்தையே திரும்பத் தெரிவுசெய்தார்.)

சொல்லத் தயங்கினோம். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த கதை அல்லவா? ஆனாலும் சொன்னோம். பட்ஜ் போலியில்லை, நாங்கள் அதற்குக் கொடுத்த ஆண்டுதான் பிழை. பூட்டன் போருக்குப் போகவில்லை என்றும் இது நிரூபிக்காது. போனார் என்பதற்கு இது சாட்சியில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கிழமை தோழி வந்து சொன்னாள். அம்மம்மா கன நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அது பெரியண்ணை கொண்டுவந்ததாக்கும். அவர் திருகோணமலைத் துறைமுகத்தில வெள்ளைக்காரனிட்ட வேலை செய்தவர்" என்றாவாம். 1957 வரை அங்கே பிரித்தானியரின் தளம் இருந்தது. பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். ஆனால் இதுவரை அந்த வீட்டில் யாரும் பேசாத ஒரு மனிதரைப் பற்றி இப்போது கதைக்கிறார்கள்.