பாலன் பிறப்புத் திருநாளின் பந்தி இனிப்பு

ஜூபிலி மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கோவில் கட்டின வரலாறும் பங்குக் குருக்களின் வரிசையும் வேறு பக்கங்களில் வருவதால், நான் வேறொன்றை எழுதத் துணிந்தேன். நடுச்சாமப் பூசை முடிந்து வெளியே வருகிற சனத்தின் கையில் ஓர் இனிப்பு வைக்கிறோமே, அதன் கதை. அடுப்படிக் காரியம் சாமியாருக்கு எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். பெத்லகேம் என்ற ஊர்ப்பெயருக்கே எபிரேய மொழியில் ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். ஆகவே சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இந்த இனிப்பு பூசைக்கு முன்பு இல்லாமல் பின்பு வருவதற்குக் காரணம் உண்டு. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி கிறிஸ்மஸ் திருவிழாவுக்கு முந்தின நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் ஆகும். ஒரு வேளை மட்டுமே முழுச் சாப்பாடு, மாமிசம் கிடையாது. அத்துடன் நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவு தொடங்கித் தண்ணீர்கூடப் பருகலாகாது என்பது பழைய ஒழுங்கு. 1953-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு அனுமதி தந்தார்; 1957-இல் மூன்று மணி நேரம் உண்ணாதிருந்தால் போதும் என்றார்; 1964-இல் ஆறாம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். திருவிழாவுக்கு முந்தின நாளின் ஒருசந்திக் கடனும் 1966-இல் நீங்கிற்று. இன்றைய இளைஞர்கள் பூசைக்கு வரும் வழியிலேயே டீயும் பன்னும் முடித்து வருகிறார்கள், குற்றமென்று சொல்லவில்லை. ஆனால் பகலெல்லாம் வயிறு காய்ந்து, பனியில் நடந்து வந்து, பூசை கண்ட ஒருவருக்கு அந்த ஒரு துண்டு இனிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறு நாடுகளிலும் கிறிஸ்மஸ் பலகாரத்தின் வரலாறு ஒருசந்தியோடு பின்னியே கிடக்கிறது. ஜெர்மனியில் ட்ரெஸ்டன் பக்கத்து ‘ஸ்டோலன்’ என்னும் ரொட்டியை ஒரு காலத்தில் மாவு, ஈஸ்ட், தண்ணீர், எண்ணெய் இவற்றைக் கொண்டே செய்தார்கள். திருவருகைக் காலத்தில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்தது. சாக்சனி நாட்டு அரசர்கள் முறையிட, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எட்டாம் இன்னொசென்ட் பாப்பரசர் வெண்ணெய்க்கு அனுமதிக் கடிதம் விடுத்தார். அதை ‘வெண்ணெய்க் கடிதம்’ என்றே வரலாற்றில் சொல்கிறார்கள். முதலில் அந்தச் சலுகை அரண்மனைக்குத்தான். மற்றவர்கள் காணிக்கை கட்டித்தான் வெண்ணெய் சேர்க்க முடிந்தது. திருநாள் இனிப்பில்கூட அரண்மனைக்கு ஒன்று, குடிசைக்கு ஒன்று என்ற பேதம் எவ்வளவு பழையது பாருங்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். நம் வீடுகளில் கிறிஸ்மஸ் என்றால் கல்கல், அச்சுமுறுக்கு. கோவாவில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் வேரூன்றிய கல்கலை, ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்புகளிலும் கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வருடம் தவறாமல் செய்தன. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ஓடத் தொடங்கிய ரயில், பிறகு நம் பாலாற்றங்கரை வழியே மேற்கே நீண்டபோது, ஆட்களோடு பலகாரமும் பயணம் செய்தது. அச்சுமுறுக்கின் பூ அச்சுக்கு நார்வேயிலும் சுவீடனிலும் உடன்பிறப்புகள் உண்டு; அங்கும் அதைக் கிறிஸ்மஸ் காலத்தில்தான் எண்ணெயில் முக்குகிறார்கள்.

இவ்விரண்டும் கூடிச் செய்கிற பலகாரங்கள். மைதா, முட்டை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்த மாவைச் சிறு உருண்டைகளாக்கி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்ட வேண்டும். ஆயிரம் கல்கல் சுருட்ட ஐந்தாறு பேர் ஒரு இரவு உட்கார வேண்டும். அச்சுமுறுக்குக்கு அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். முழுதும் மூழ்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. டிசம்பர் பத்து தேதிக்கு மேல் எந்தத் தெருவில் போனாலும் எண்ணெய் வாசமும் பெண்களின் பேச்சும் கேட்டதாக மூத்தவர்கள் சொல்கிறார்கள். இன்று நம் பெண்மக்களில் பலர் ஷூ கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். 24-ஆம் தேதி மாலை சங்கு ஊதிய பின்தான் வீடு திரும்புகிறார்கள். அவர்களைக் கல்கல் சுருட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வந்தது கேக். தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர், அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்து முர்டாக் பிரவுன் துரை கொடுத்த மாதிரியைப் பார்த்து 1883-இல் கேக் செய்து தந்தார் என்றும், பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்றும் சொல்லப்படுகிறது. இந்தியாவின் முதல் கிறிஸ்மஸ் கேக் அதுவே என்பது கேரளத்தாரின் பெருமை. இருக்கட்டும். கேக்குக்கு அவன் வேண்டும்; அவன் இருப்பது பேக்கரியில்; பேக்கரிக்குப் பணம் வேண்டும். அதனால் கேக் நெடுங்காலம் சில வீடுகளின் பண்டமாகவே இருந்தது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் போக மனமில்லை. நான் உதவிக் குருவாக இருந்த வேறொரு பங்கில் ஒரு வருடம், கேசரி பழசாகிவிட்டது, கேக் வெட்டலாம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தவர்களில் நானும் ஒருவன். முப்பது கிலோ வாங்கினோம். முன்வரிசையில் இருந்தவர்கள் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கென்று இரண்டு மூன்று துண்டு எடுத்துக்கொண்டார்கள். கிராமங்களிலிருந்து நடந்து வந்து, எப்போதும் போலக் கடைசியில் நின்றவர்களுக்கு அட்டைப்பெட்டியும் தூளும்தான் மிஞ்சியது. ஒரு பாட்டி பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்ல சாமி, எனக்குப் பல்லு இல்ல” என்று சொல்லிப் போனார். அன்று காலைப் பூசையில் பிரசங்கம் வைக்க எனக்கு நா எழவில்லை. அசிசி நகர் பிரான்சிஸ்குவார் பாலன் பிறந்த நாளில் பணக்காரர் ஏழைகளின் வயிற்றை நிரப்ப வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்று கூடுதல் தீனி வைக்க வேண்டும் என்று விரும்பியதாக அவரது வரலாற்றை எழுதிய செலானோ தோமாஸ் குறித்திருக்கிறார். குருமடத்தில் படித்த அந்தச் செய்தி அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பழைய குருக்கள் கேசரியைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அண்டாவில் கிளறுகிற பண்டத்தைக் கரண்டியால் அளந்து போடலாம். ஆள் கூடினால் கரண்டியைச் சற்றுக் குறைக்கலாம். கேக் துண்டு அப்படி வளையாது. நெய் கட்டுப்படியாகாதபோது டால்டா கைகொடுத்தது; அது 1937-இல் சந்தைக்கு வந்தது. வடபுதுப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்த பிறகும் ரேஷன் கார்டுக்கு அளந்த சர்க்கரைதான் பல வீடுகளுக்கு. 1946 முதல் இந்தியாவில் பணியாற்றும் கத்தோலிக்க நிவாரண நிறுவனத்தின் வழியாகப் பால் பவுடர் பங்குகளுக்கு வந்த காலத்தில், பாயசத்துக்கு அதுவே பாலாயிற்று. அமெரிக்காவில் கறந்த பால், நம் ஊர் வெல்லம், நல்ல கூட்டுத்தான்!

ஆம்பூருக்கென்று இன்னொரு இனிப்பு உண்டு. அதைச் செய்யக் கற்றுத் தந்தவர்கள் நம் இசுலாமிய அயலார். அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் பிரியாணியோடு வரும் பிரட் அல்வாவை அறியாதவர் இங்கே யார்? ஐதராபாத்தின் ‘டபுள் கா மீட்டா’வுக்கு இது நெருங்கிய உறவு. தோல் ஷாப்பில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள் ஒருவர் பண்டிகைக்கு ஒருவர் தூக்குப் பாத்திரம் அனுப்புவது இவ்வூர் வழக்கம். ரம் ஊற்றிய கேக்கை நாம் அவர்கள் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் மரியாதையும் அல்ல. பிரட் அல்வாவை ஒரே அண்டாவிலிருந்து கோவில் முற்றத்திலும் கொடுக்கலாம், அடுத்த தெருவுக்கும் அனுப்பலாம். 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஆம்பூருக்கும் வந்த லூத்தரன் சபையைச் சேர்ந்த நம் சகோதரர்களுக்கும் இதில் பங்குண்டு.

நூறு பேருக்கு அளவு இது: நானூறு கிராம் பிரட் பத்துப் பாக்கெட், பால் நாலு லிட்டர், சர்க்கரை மூன்றரைக் கிலோ, நெய்யும் எண்ணெயும் சேர்த்து ஒன்றேகால் கிலோ, முந்திரியும் திராட்சையும் வசதிப்படி. பிரட்டைப் பிய்த்து முறுகலாக வறுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இதை முந்தின நாளே செய்துவிடலாம். பூசைக்கு ஒரு மணி நேரம் முன்பு சர்க்கரையைக் கம்பிப் பதம் வருமுன் இறக்கி, காய்ச்சின பாலும் வறுத்த பிரட்டும் சேர்த்துக் கிளறினால் போதும். கேசரியே வேண்டும் என்போருக்கு: ரவை ஒரு கிலோவுக்குச் சர்க்கரை ஒன்றே முக்கால் கிலோ, தண்ணீர் நாலு லிட்டர், நெய் அறுநூறு கிராம், அறுபது பேருக்கு வரும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே ரவையைத் தூவ வேண்டும். ரவை வெந்த பின்தான் சர்க்கரை. முன்னால் போட்டால் ரவை வேகாமல் நிற்கும்.

இவ்வாண்டு பிரட் அல்வா என்று பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம். கடைசி வாசற்படியில் நிற்பவர்களிடமிருந்து தொடங்கி முன்னோக்கிப் பரிமாறுவது என்றும் முடிவாகியிருக்கிறது. பெரிய அண்டா நாலும் கேஸ் அடுப்பு இரண்டும் குறைகின்றன. இரவல் தரக்கூடியவர்கள் டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். அண்டாவில் வீட்டுப் பெயர் வெட்டியிருந்தால் நல்லது. சென்ற முறை இரண்டு மூடிகள் இடம் மாறிப் போய்விட்டன.