அசதிக்கு எந்த எண் போடுவது?

"ஒரே அசதியா இருக்கு டாக்டர்." ஓபியில் தினமும் கேட்கிற வாக்கியம். சீட்டில் நாங்க எழுதறது ஒரே வார்த்தை: ஃபேட்டீக். அந்த வார்த்தைக்குப் பின்னாடி 150 வருஷத்துச் சண்டை இருக்குங்க. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1869-ல் ஜார்ஜ் பியர்ட் என்ற நியூயார்க் நரம்பு மருத்துவர், தீராத அசதிக்கு 'நியூரஸ்தீனியா' என்று பேர் வைத்தார். நரம்பில் இருக்கிற சக்தி தீர்ந்து போச்சு என்பது அவர் விளக்கம். காரணம்? நீராவி எந்திரம், தந்தி, பத்திரிகை! எல்லாத்துக்கும் செல்போனைத் திட்டற நம்மாளுங்களுக்கு அவர்தான் முன்னோடி.

நோய்களுக்கு எண் கொடுக்கிற உலகப் பட்டியலுக்கு ஐசிடி என்று பேர். 1893-ல் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுக்காரர் போட்ட மரணக் காரணப் பட்டியல்தான் அதன் ஆரம்பம். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்ற பிறகுதான் ஆளைக் கொல்லாமல் படுக்க வைக்கிற நோய்களும் அதில் முறையாக இடம் பிடித்தன.

இப்போ லண்டனுக்கு வாங்க. 1955 ஜூலை, ராயல் ஃப்ரீ மருத்துவமனை. டாக்டர்கள், நர்ஸ்கள் வரிசையா படுத்தாங்க. தொண்டைவலி, தலைவலி, தசைவலி, எழுந்திருக்க முடியாத அசதி. நவம்பருக்குள் 292 ஊழியர்கள். ஏற்கெனவே அங்கே படுத்திருந்த நோயாளிகளில் வெறும் 12 பேர்! இரண்டு மாசத்துக்கு மேல் மருத்துவமனையையே மூடினாங்க. கிருமி எதுவும் சிக்கல. மறுவருஷம் லான்செட் இதழ் 'மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்' என்ற பேரை முன்வைத்தது. ஐசிடியின் எட்டாவது பதிப்பு அதை நரம்பு நோய்களோடு சேர்த்தது.

1970-ல் மெக்கெவடி, பியர்ட் (இவர் வேற பியர்ட்ங்க) என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினாங்க. அதிகம் பாதிக்கப்பட்டது பெண்கள் என்பதும் ஒரு வாதம். நோயாளிகளை நேரில் பார்த்துப் பேசினாங்களா? இல்லை. 15 வருஷத்துக்கு முந்தைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எடுத்த முடிவு அது. ஆனா அந்த முத்திரை பல வருஷம் அழியல.

பத்தாவது பதிப்பில் கூத்தைப் பாருங்க. வெறும் அசதி என்றால் ஆர்53, அதாவது 'அறிகுறி' அத்தியாயம். நியூரஸ்தீனியா என்றால் எஃப்48.0, மனநோய் அத்தியாயம். வைரஸுக்குப் பிந்தைய அசதி என்றால் ஜி93.3, நரம்பு அத்தியாயம். ஒரே ஆள் மூணு டாக்டரிடம் போனா மூணு அத்தியாயத்திலும் விழலாம்!

அமெரிக்கா 2015 அக்டோபரில் தன் சொந்தப் பத்தாவது பதிப்புக்கு மாறியது. அங்கே 'க்ரானிக் ஃபேட்டீக் சின்ட்ரோம்' என்று டாக்டர் தெளிவா எழுதினாலும் விழுந்த எண் ஆர்53.82. காரணம் தெரியாத நாள்பட்ட அசதிக்கும் அதே எண்தான். இரண்டும் கலந்துபோனதால், கணக்கெடுப்பில் இந்த நோயாளிகளைத் தனியா எண்ண வழியில்லாமல் போச்சு. கோவிட் வந்து, குணமான பிறகும் எழ முடியாதவங்க பெருகினாங்க. 2022 அக்டோபரில்தான் ஜி93.32 என்று தனி எண் கிடைத்தது. உலக நிறுவனத்தின் பதினோராவது பதிப்பில் நியூரஸ்தீனியாவே இல்லை.

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க சார்ட்டுகளுக்கு கோடிங் பண்ற நம்ம பிள்ளைங்களுக்கு இது நல்லாத் தெரியும்: கோடர் ஊகிக்கக் கூடாது. சார்ட்டில் 'ஃபேட்டீக்' மட்டும் இருந்தா ஆர்53.83, அவ்வளவுதான். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாச்சா, எத்தனை மாசமா இருக்கு, கொஞ்சம் வேலை செஞ்சாலே மறுநாள் படுத்த படுக்கையா ஆகுதா என்பதையெல்லாம் டாக்டர்தான் எழுதணும். இந்தக் கடைசிக் கேள்வியை நாங்க கேட்க மறந்தா, நீங்களே சொல்லிடுங்க.